ஒரே செய்தியைப் பொருளாதாரம், ஆட்சி, அறிவியல் மூன்றுக்கும் சேர்த்து எப்படிப் படிப்பது?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் வசிக்கிறேன். பள்ளிப்படிப்பு முழுவதும் தமிழ் வழியில்; பட்டப்படிப்பு ஆங்கில வழியில். இரண்டு ஆண்டுகளாகக் கேரள பி.எஸ்.சி. தேர்வுகளுக்கும், அவற்றோடு மத்தியக் குடிமைப் பணித் தேர்வுக்கும் படித்து வருகிறேன். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

நடப்பு நிகழ்வுகள்தான் எனக்குப் பிடிபடவில்லை. தினமும் இரண்டு மணி நேரம் செலவிட்டுக் குறிப்பெடுக்கிறேன். பொருளாதாரத்துக்கு ஒன்று, ஆட்சி முறைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, இதரவற்றுக்கு ஒன்று என நான்கு நோட்டுகள் நிறைந்துவிட்டன. ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56ஆவது கூட்டம் 2025 செப்டம்பர் 3 அன்று நடந்தது, புதிய வரி விகிதங்கள் அதே மாதம் 22 முதல் நடைமுறைக்கு வந்தன என்பதை எப்போது கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் மாதிரித் தேர்வு ஒன்றில், மத்திய அரசு ஒப்புக்கொள்ளாத ஒரு வரி மாற்றத்தை எல்லா மாநிலங்களும் ஒன்றுசேர்ந்தால் நிறைவேற்ற முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான்கு நோட்டிலும் அதற்கு விடை இல்லை.

இன்னொரு சிக்கல் மொழி. பொள்ளாச்சியிலிருந்து வரும் தமிழ் நாளிதழை வீட்டில் படிக்கிறேன், வாசகசாலையில் மலையாள நாளிதழ்களைப் படிக்கிறேன், கைப்பேசியில் ஆங்கிலத்தில் படிக்கிறேன். ஒன்றில் குறைந்தபட்ச ஆதரவு விலை என்று படித்ததையே இன்னொன்றில் தாங்குவில என்று படிக்கும்போது, இரண்டும் ஒன்றே என்று உறுதி செய்வதற்குள் நேரம் போய்விடுகிறது. இந்த எல்லைப் பகுதியில் இருந்துகொண்டு தேர்வில் வென்றவர்களும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும் இங்கு இருக்கிறீர்கள் என்று தெரியும். நோட்டு எழுதும் முறையையே மாற்ற வேண்டுமா? எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்: வடகரப்பதி ஓய்வுபெற்ற ஆசிரியை

உங்கள் கேள்வியைப் படித்தபோது என் மாணவர்கள் பலருடைய முகம் நினைவுக்கு வந்தது, அம்மா. உழைப்பில் குறை இல்லை. செய்தியைப் பாடவாரியாகப் பிரித்து நான்கு நோட்டில் போட்டதுதான் இடையூறு என்று நான் கருதுகிறேன். செய்தி ஒன்றாகத்தான் பிறக்கிறது. நாம்தான் அதைக் கூறுபோடுகிறோம். கண்ணெதிரே இருக்கும் ஒரு பொருளை எடுத்து, அதன் பின்னால் எத்தனை சட்டம், எத்தனை கணக்கு இருக்கின்றன என்று தோண்டிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு நோட்டே போதும்.

வேலந்தாவளத்துக்கோ கோபாலபுரத்துக்கோ போனால் சோதனைச் சாவடியை ஒட்டி வரிசையாக லாட்டரிக் கடைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளம் 1967இல் தனக்கென ஒரு லாட்டரித் துறையையே தொடங்கி இன்றுவரை நடத்திவருகிறது. அதனால்தான் அந்தப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்து வாங்குகிறார்கள். ஒரு மாநிலம் நடத்தும் லாட்டரியை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றும் அதிகாரம் யாருக்கு? யார் எதில் சட்டம் இயற்றலாம் என்று அரசமைப்பின் ஏழாம் அட்டவணை ஒன்றியம், மாநிலம், பொது என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. ஒன்றியப் பட்டியலின் 40ஆவது இனம் அதை நாடாளுமன்றத்துக்குக் கொடுக்கிறது. 1998ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் அப்படி வந்ததுதான். ஆனால் பந்தயமும் சூதாட்டமும் மாநிலப் பட்டியலின் 34ஆவது இனம். 2025 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம், லாட்டரி விநியோகஸ்தர்கள் மீது மத்திய அரசு சேவை வரி விதிக்க முடியாது, அந்த அதிகாரம் மாநிலப் பட்டியலின் 62ஆவது இனத்தின்படி மாநிலங்களுடையது என்று தீர்ப்பளித்தது. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. அந்த வழக்கு ஜி.எஸ்.டி.க்கு முந்தைய சேவை வரியைப் பற்றியது. 2016இல் வந்த 101ஆவது அரசமைப்புத் திருத்தம் 62ஆவது இனத்தையே மாற்றி, உள்ளாட்சி அமைப்புகள் விதிக்கும் கேளிக்கை வரி அளவுக்கு அதைச் சுருக்கிவிட்டது. தீர்ப்பின் தேதியை மட்டும் எழுதி வைத்தவர் இந்த இடத்தில் தவறிவிடுவார்.

இப்போது உங்கள் மாதிரித் தேர்வுக் கேள்விக்கு வருகிறேன். அரசமைப்புச் சட்டப் பிரிவு 279ஏ ஜி.எஸ்.டி. கவுன்சிலை அமைக்கிறது. மத்திய அரசின் வாக்குக்கு மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. வந்து வாக்களிப்பவர்களின் எடையில் நான்கில் மூன்று பங்கு கிடைத்தால்தான் முடிவு நிறைவேறும். மாநிலங்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் 66.67 விழுக்காட்டுக்கு மேல் போகாது, தேவை 75. ஆகவே மத்திய அரசை விட்டுவிட்டு எதையும் நிறைவேற்ற முடியாது. மறுபக்கத்தையும் பாருங்கள். 28 மாநிலங்களும் சட்டமன்றம் உள்ள 3 ஒன்றியப் பகுதிகளுமாக 31 உறுப்பினர்கள் வந்திருந்தால் ஒருவருக்கு ஏறத்தாழ 2.15 விழுக்காடு எடை. மத்திய அரசோடு 20 பேர் நின்றால் 75ஐத் தாண்டும். 19 பேர் நின்றால் தாண்டாது. அதாவது 12 மாநிலங்கள் சேர்ந்தால் மத்திய அரசின் முன்மொழிவைத் தடுத்துவிடலாம். இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு மறக்காது.

கவுன்சிலின் வரலாற்றில் முதன்முதலாக வாக்கெடுப்பு நடந்ததும் இதே லாட்டரிக்காகத்தான். அதுவரை எல்லாம் கருத்தொற்றுமையில் முடிந்துவந்தன. 2019 டிசம்பர் 18 அன்று நடந்த 38ஆவது கூட்டத்தில், மாநில அரசே நடத்தும் லாட்டரிக்கு 12 விழுக்காடு, மாநிலத்தின் அனுமதி பெற்றவர்கள் நடத்தும் லாட்டரிக்கு 28 விழுக்காடு என இருந்த இரட்டை விகிதம் தொடர வேண்டும் என்று கேரளம் வாதிட்டது. வாக்கெடுப்பில் ஒரே விகிதமாக 28 என்பது வென்று, 2020 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நீங்கள் மனப்பாடம் செய்துள்ள 56ஆவது கூட்டத்தில் அது 40 ஆகியது. 5, 18 என்ற இரண்டு விகிதங்களையே எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த மூன்றாவது விகிதம் நம் சாவடிக் கடைக்கு வந்து நிற்பதை எழுதுபவர் குறைவு.

சாவடி என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017 ஜூலை 1க்கு முன்பு வாளையாற்றில் வணிக வரிச் சோதனைக்காக லாரிகள் மணிக்கணக்கில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. வந்தபின் அந்தச் சோதனை நின்றது. பொருள் எங்கே உற்பத்தியாகிறதோ அங்கே அல்ல, எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே வரி சேரும் என்பது இந்த வரியின் அடிப்படை. அரிசி முதல் காய்கறி வரை வெளியிலிருந்து வாங்கும் கேரளத்துக்கு இந்த ஏற்பாடு நன்மை தரும் என்று தொடக்கத்தில் எதிர்பார்க்கப்பட்டது ஏன் என்பதையும் இதிலிருந்தே எழுதிவிடலாம்.

பதில்: மூலத்தரை விவசாயி

ஆசிரியை அம்மா சொன்னதோடு ஒரு சிறு திருத்தத்தைச் சேர்க்க விரும்புகிறேன். கவுன்சில் எடுப்பது முடிவு என்று எழுதுவதைவிடப் பரிந்துரை என்று எழுதுவதே சட்டப்படி சரி. 2022 மே 19 அன்று உச்ச நீதிமன்றம், கவுன்சிலின் பரிந்துரைகள் நாடாளுமன்றத்தையும் சட்டமன்றங்களையும் கட்டுப்படுத்துபவை அல்ல, அறிவுறுத்தும் மதிப்பு மட்டுமே உடையவை என்று கூறியது. ஜி.எஸ்.டி. பற்றிச் சட்டம் இயற்றப் பிரிவு 246ஏ இரு தரப்புக்கும் சம அதிகாரம் கொடுத்திருப்பதே அதற்குக் காரணம். என் மகனுக்குப் பாடம் கேட்டபோது நானும் சேர்ந்து படித்தது இது.

அம்மணி, நான் தென்னையும் நெல்லும் வைத்திருப்பவன். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். நம் வட்டத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பாலக்காட்டுக் கணவாயை ஒட்டியிருந்தும் நம் கிழக்குப் பகுதி மழை மறைவில் கிடக்கிறது. கேரளத்தில் மழைக்கு ஏங்கும் ஊர்கள் சிலவற்றில் நம் ஊர்களும் உண்டு. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970 மே 29 அன்று கையெழுத்தானது; ஆனால் 1958 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. இந்த இரண்டு தேதிகளையும் குழப்பிக்கொள்ளாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரையான நீராண்டில் மணக்கடவு தடுப்பணையில் கேரளத்துக்கு 7.25 டி.எம்.சி. தர வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் கோடையில் பத்திரிகையில் வரும் தண்ணீர்த் தகராறு இந்த எண்ணைச் சுற்றித்தான் நடக்கிறது.

இதில் தேர்வுக்கு உரியது என்ன என்று கேட்பீர்கள். பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் ஆகிய மூன்று அணைகளும் கேரள மண்ணில் உள்ளன. இயக்குவதும் பராமரிப்பதும் தமிழ்நாடு. பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியாகப் போக வேண்டுமானால்கூடச் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் போய்த்தான் திரும்ப வேண்டும். 2022 செப்டம்பர் 21 அன்று அந்த அணையின் மூன்று மதகுகளில் ஒன்று உடைந்து தண்ணீர் சாலக்குடி ஆற்றுப் பக்கம் பாய்ந்தது. சேமித்த தண்ணீர் வீணாகப் போகிறதே என்று நாங்கள் இங்கே பதறினோம். கீழே இருந்தவர்கள் வெள்ளம் வருமே என்று பதறினார்கள். இப்படிப்பட்ட அணையின் பாதுகாப்புக்கு எந்த மாநிலம் பொறுப்பு?

அதற்கு விடை 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அது 2021 டிசம்பர் 30இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாநிலத்தின் உடைமையான அணை இன்னொரு மாநிலத்தின் எல்லைக்குள் இருந்தால், மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பு செய்ய வேண்டிய பணியைத் தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையமே செய்யும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முல்லைப் பெரியாறும் நம் மூன்று அணைகளும் இந்த விதிக்குள் வருகின்றன. தண்ணீர் மாநிலப் பட்டியலின் 17ஆவது இனம்தானே, மத்திய அரசு எப்படிச் சட்டம் இயற்றியது என்ற கேள்வி அடுத்து எழும். மாநிலங்களுக்கு இடையேயான ஆறுகள் பற்றிய ஒன்றியப் பட்டியலின் 56ஆவது இனத்தையும், எஞ்சிய அதிகாரம் பற்றிய 97ஆவது இனத்தையும் சார்ந்து இயற்றினார்கள். நதிநீர்த் தகராறு என்றால் பிரிவு 262, அதன்கீழ் வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம், நடுவர் மன்றம் என்று போகும். அணை பலமாக இருக்கிறதா என்பது வேறு பாதை. இவ்விரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தவருக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

நீங்கள் குறிப்பிட்ட தாங்குவில பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொப்பரைக்கு 2025ஆம் பருவத்தில் அரவைக் கொப்பரை குவிண்டாலுக்கு 11,582 ரூபாய், பந்துக் கொப்பரைக்கு 12,100 ரூபாய் என அறிவித்தார்கள். அதே ஆண்டு சந்தை விலை அதற்கும் மேலே ஏறிவிட்டது. ஆதரவு விலை என்பது விலை விழும்போது தாங்குவதற்காக; விலை ஏறும்போது அதற்கு வேலை இல்லை. தாங்குவில என்ற மலையாளச் சொல் இதை எவ்வளவு தெளிவாகச் சொல்கிறது என்று பாருங்கள்.

பதில்: திருவனந்தபுரத்தில் பணிபுரியும் சித்தூர்க்காரர்

நானும் பி.எஸ்.சி. எழுதித்தான் அரசுப் பணிக்கு வந்தேன். மேலே இருவரும் சொன்னவை முதன்மைத் தேர்வுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் தேதியும் எண்ணும் இரண்டாம் பட்சம் என்ற எண்ணம் தங்கைக்கு வந்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறேன். பி.எஸ்.சி.யில் ஒற்றை வரிக் கேள்விகள் நிறைய வருகின்றன. எந்த ஏவுகலம், எந்தத் தேதி, எந்த ஏவுதளம் என்று நேராகக் கேட்பார்கள். அந்த ஒரு மதிப்பெண் தரவரிசையில் நூறு இடங்களை மாற்றிவிடும். ஆகவே உங்கள் பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அறிவியலைப் பற்றி யாரும் எழுதாததால் அதை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கையிலும் சூரல்மலையிலும் ஏற்பட்ட நிலச்சரிவு நம் எல்லோருடைய மனத்திலும் இருக்கிறது. இறந்தவர்களில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல. மறுநாளே இஸ்ரோவின் தேசியத் தொலையுணர்வு மையம் ரிசாட் செயற்கைக்கோளின் ரேடார் படங்களையும் கார்ட்டோசாட்-3 செயற்கைக்கோளின் படங்களையும் எடுத்து ஆராய்ந்தது. சரிவு கடல்மட்டத்திலிருந்து 1,550 மீட்டர் உயரத்தில் தொடங்கியது, ஏறத்தாழ 86,000 சதுர மீட்டர் நிலம் பெயர்ந்தது, இடிபாடுகள் 8 கிலோமீட்டர் தொலைவு வரை ஆற்றோடு ஓடின என்று அந்த ஆய்வு காட்டியது. அன்று வானம் முழுக்க மேகம். சாதாரண ஒளிப்படக் கருவி சூரிய ஒளியை நம்பி இருப்பதால் மேகத்துக்குக் கீழே எதையும் பார்க்காது. ரேடார் தானே நுண்ணலையை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்வதால் இரவும் மேகமும் அதற்குத் தடை அல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில்தான் நம் மலைகள் சரிகின்றன, அப்போதுதான் வானம் மூடியிருக்கிறது என்பதைச் சேர்த்துப் பாருங்கள். இந்தத் தொழில்நுட்பம் கேரளத்துக்கு ஏன் உயிர்நாடி என்பது விளங்கும்.

சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜி.எஸ்.எல்.வி.-எஃப்16 ஏவுகலம் மூலம், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து செய்த நைசார் என்ற ரேடார் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் எனக்கு அது மறக்கவே மறக்காது, உங்களுக்கும் மறக்காது. எடை 2,392 கிலோ. எல்-பட்டை ரேடாரை நாசாவும் எஸ்-பட்டை ரேடாரை இஸ்ரோவும் செய்தன. எதிரொளிப்பானின் விட்டம் 12 மீட்டர். ஜி.எஸ்.எல்.வி. ஒரு செயற்கைக்கோளைச் சூரிய ஒத்தியக்கப் பாதையில், அதாவது ஓர் இடத்தை எப்போதும் ஏறத்தாழ ஒரே உள்ளூர் நேரத்தில் கடக்கும் பாதையில், சேர்த்தது அதுவே முதல் முறை. இவை ஒற்றை வரிக்கு. எல்-பட்டையின் அலைநீளம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். எஸ்-பட்டையினுடையது அதைவிடக் குறைவு. நீண்ட அலை இலைகளுக்கு இடையே ஊடுருவித் தரையைத் தொட்டுத் திரும்பும். ஒரே இடத்தை 12 நாளுக்கு ஒருமுறை படமெடுத்து, முன்னும் பின்னும் எடுத்த அலைகளின் வேறுபாட்டை ஒப்பிட்டால் நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடும். காடு மூடிய சரிவு மெல்ல நகர்கிறதா என்று கவனிக்க இது உதவும். ஆயினும் 12 நாள் இடைவெளி உள்ள ஒரு கருவி, இன்று இரவு இந்தச் சரிவு விழும் என்று எச்சரிக்காது. மழைமானியும் தரையில் பதிக்கும் கருவிகளும் இல்லாமல் அது முடியாது. தொழில்நுட்பத்தின் எல்லையையும் எழுதினால்தான் விடை முழுமை பெறும்.

இதே வயநாட்டுச் செய்தியை ஆட்சிக்கும் பொருளாதாரத்துக்கும் நீட்டிப் பாருங்கள். பேரிடர் மேலாண்மை என்ற சொல்லே ஏழாம் அட்டவணையின் மூன்று பட்டியல்களிலும் கிடையாது. 2005ஆம் ஆண்டுச் சட்டம் பொதுப் பட்டியலின் 23ஆவது இனமான சமூகப் பாதுகாப்பைச் சார்ந்து நிற்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதியில் நமக்கு மத்திய அரசின் பங்கு 75 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 25 விழுக்காடு; வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90, 10. கடுமையான பேரிடரில் கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகை தரும்படி தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பரிந்துரைக்கலாம் என்று 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆவது பிரிவு சொன்னது. வயநாட்டு மக்களின் வங்கிக் கடனைத் தள்ளுபடி செய்யும் கேள்வி கேரள உயர் நீதிமன்றத்தின் முன் இருந்த வேளையிலேயே, 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. மறுவாழ்வுப் பணிகளுக்கு மத்திய அரசு 529.50 கோடி ரூபாய் கொடுத்தது. ஆனால் அது மானியம் அன்று, 50 ஆண்டுகளுக்கான வட்டியில்லாக் கடன். மானியத்துக்கும் கடனுக்கும் உள்ள வேறுபாடு மாநிலத்தின் கடன் வரம்பு, பிரிவு 293 என்று நீளும். வீடிழந்த ஒருவரின் வங்கிக் கணக்கேட்டில் சட்டத் திருத்தம் ஒன்று வந்து நிற்பதை இதில் பார்க்கலாம். இதை எழுதும்போது எனக்கே மனம் கனக்கிறது.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: கொழிஞ்சாம்பாறை மாணவி

மூவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அம்மாவின் வாக்கு எடைக் கணக்கை நேற்று இரவே போட்டுப் பார்த்தேன். 20 என்று சரியாக வந்தது. ஐயா சொன்ன மணக்கடவு தடுப்பணையைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன், அதற்குப் பின்னால் இவ்வளவு சட்டம் இருப்பது தெரியாது.

நானும் ஒன்று முயன்று பார்த்தேன். பக்கத்துப் பெருமாட்டி ஊராட்சியில் உள்ள பிளாச்சிமடையை எடுத்துக்கொண்டேன். அங்கிருந்த குளிர்பான ஆலை நிலத்தடி நீரை எடுப்பதற்கு எதிராக மக்கள் போராடினார்கள். 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் பொதுமக்களின் சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்று தீர்ப்பளித்தார். 2005இல் இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. உயர்நிலைக் குழு ஒன்று இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011 பிப்ரவரியில் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கான மசோதாவை நிறைவேற்றிக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பியது; ஒப்புதல் கிடைக்கவில்லை. இதை, மாநில மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தராதது பற்றிய உச்ச நீதிமன்ற வழக்கோடு இணைத்து, 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு குடியரசுத் தலைவர் முடிவெடுக்க மூன்று மாதக் கெடு விதித்தது, நவம்பர் 20 தீர்ப்பு அதை ரத்து செய்தது என்று முடித்திருக்கிறேன். சரியா?

பதில்: வடகரப்பதி ஓய்வுபெற்ற ஆசிரியை

பிளாச்சிமடையை நீங்களாகவே தேர்ந்தெடுத்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்தப் போராட்டப் பந்தலைக் கடந்து பள்ளிக்குப் போய் வந்தவள் நான். உங்கள் குறிப்பின் முன்பகுதியில் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை. கடைசி வாக்கியத்தில்தான் பிழை.

2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கொடுத்தது தீர்ப்பு அன்று, கருத்துரை. பிரிவு 143இன் கீழ்க் குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் அது. 143 மேல்முறையீட்டு வழி அன்று. ஆகவே ரத்து செய்தது என்று எழுதாமல், ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் நீதிமன்றம் கால வரம்பு நிர்ணயிக்க முடியாது என்றும், ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்வது அரசமைப்பில் இடமில்லாதது என்றும் கருத்துரைத்தது என எழுதுங்கள். அதோடு, காரணமே சொல்லாமல் நீண்ட காலம் மசோதாவைக் கிடப்பில் போட்டால் நீதிமன்றம் வரம்புக்கு உட்பட்டுத் தலையிடலாம் என்றும் அதே கருத்துரை சொல்கிறது. இந்தப் பாதியை விட்டுவிட்டால் விடை ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும்.

பிரிவு 200, 201 இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஆளுநர் திருப்பி அனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்றினால் அவர் ஒப்புதலை நிறுத்திவைக்க முடியாது. குடியரசுத் தலைவரின் பார்வைக்குப் போய்த் திரும்பிய மசோதாவைச் சட்டமன்றம் ஆறு மாதத்துக்குள் மறுபடி ஆராய்ந்து நிறைவேற்றினாலும், ஒப்புதல் தந்தே ஆக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிளாச்சிமடை மசோதா போனது இரண்டாவது வழியில். பாதிக்கப்பட்ட மக்கள் ஏன் இத்தனை ஆண்டுகள் காத்திருக்கிறார்கள் என்பதற்கான சட்டக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மொழிச் சிக்கலுக்கு என் மாணவர்களிடம் செய்யச் சொன்ன ஒன்றைச் சொல்கிறேன். நோட்டில் புதிய பக்கத்தின் முதல் வரியில் அந்தச் செய்தியின் மையச் சொல்லை நீங்கள் படித்த மூன்று மொழிகளிலும் எழுதுங்கள். மலையாளத்தில் அனுச்சேதம் என்று வருவது தமிழில் பிரிவு, சில நூல்களில் உறுப்பு. அங்கே தனகார்ய கமிஷன், இங்கே நிதி ஆணையம் அல்லது நிதிக்குழு. செஸ், சர்சார்ஜ் என்ற சொற்களைத் தமிழில் மேல்வரி, கூடுதல் வரி என்று எழுதுங்கள், ஆனால் ஒரே விடைத்தாளில் மாற்றி மாற்றி எழுதாதீர்கள். அந்த இரண்டும் மாநிலங்களுக்குப் பகிரும் தொகுப்பில் சேராதவை என்பதை அதே வரியின் அடியில் குறித்து வையுங்கள். 14ஆவது நிதி ஆணையத்தில் 2.5 விழுக்காடாக இருந்த, அந்தத் தொகுப்பில் கேரளத்தின் பங்கு 15ஆவது ஆணையத்தில் 1.925 ஆனதைப் படிக்கும்போது இந்தக் குறிப்பு தேவைப்படும்.

அடுத்த பயிற்சிக்கு ஒன்று தருகிறேன். 2025 நவம்பர் 1 அன்று கேரளம் தன்னை அதிதீவிர வறுமை இல்லாத மாநிலமாக அறிவித்தது. உணவு, வருமானம், உடல்நலம், வீடு என்ற நான்கையும் பார்த்து 64,006 குடும்பங்களைக் கண்டறிந்ததாக அரசு சொல்கிறது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் குறியீடோ 12 கூறுகளைக் கொண்டது; அதன்படி 2019-21இல் கேரளத்தில் வறியவர்கள் 0.55 விழுக்காடு. இரண்டு அளவுகோல்களும் ஏன் வெவ்வேறு எண்ணைத் தருகின்றன, பட்டியல் எடுத்ததில் ஊராட்சிகளின் பங்கு என்ன, பழங்குடிக் குடியிருப்புகளைப் பற்றி எழுந்த விமர்சனம் எதைச் சுட்டுகிறது என்று 250 சொற்களில் எழுதி இங்கேயே பதிவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் படித்துத் திருத்தித் தருகிறேன். சித்தூர்க்காரத் தம்பியும் அதில் உள்ள எண்களைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும்.